மழை நாளில் அஞ்சலை சொன்ன வசனம்

போன மாதம் எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கில், புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காப்பிக்கடையில் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் பொறுத்துப் பார்த்தேன். அது இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், நீங்கள்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கா சரோஜாவைப் பல் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, எனக்கும் அதே வாசல்தான். மழை பிடித்துக்கொண்டதால் ஒதுங்க இடம் தேடி அந்தக் கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடிக் கூரை, கண்ணாடிச் சுவர். மழை கண்ணெதிரே கொட்டுகிறது, சத்தத்தை மட்டும் காணோம். ஒரு பக்கச் சுவரில் மட்டும் பழைய ஒட்டுப்பலகைகளை வரிசையாக அடித்து, மேலே மஞ்சள் விளக்குப் போட்டிருந்தார்கள். சுற்றுலா வந்த இரண்டு பெண்கள் அதன் முன்னால் நின்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் நகர்ந்ததும் நான் பக்கத்தில் போனேன். பலகை ஓரத்தில் வரிசையாக ஆணி ஓட்டை. நடுவில் கறுப்பு மையில் அச்சுக் குத்திய எழுத்து, பாதி அழிந்த எஸ்டேட் பெயர், அதன் கீழே ஒரு எண். தேயிலைப் பெட்டிப் பலகை! மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். பழைய தேயிலை வாசம் வரும் என்று எதிர்பார்த்தேன், வார்னிஷ்தான் குப்பென்று அடித்தது. ஆனால் மூலையில் இருந்த ஒரு பலகையில் தண்ணீர் ஒழுகின கறை ஒன்று, ஆட்டுத்தலை மாதிரி, இரண்டு காதும் ஒரு தாடியுமாக. அந்த ஆட்டுத்தலையை நான் ஏழு வருடம் அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் பெரிய பித்தளைத் தகடு ஒன்று, ஆங்கிலத்தில். இந்த ஊரின் புகழ்பெற்ற பழைய திரையரங்கின் உட்கூரைப் பலகைகள் இவை, தொழிலாளர்களின் நலன் கருதித் தோட்ட நிர்வாகம் அன்புடன் வழங்கியது என்று இருந்தது. நலனாம். அன்பாம்!

"என்னா போட்டிருக்கு?" என்றாள் அக்கா. அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

"ஒன்னுமில்லக்கா. காப்பி வெல" என்றேன்.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்பதற்குத்தான் இவ்வளவு பேச்சும்.

அந்தத் தியேட்டருக்கு வாசலில் மூன்று மொழியில் பெயர் எழுதியிருந்தது. ஒரு மொழியிலும் யாரும் அதைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது 'கொட்டாய்', அவ்வளவுதான். ஜப்பான்காரன் போன பிறகு ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, காட்டு மரம் அறுத்துக் கட்டியது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் நடுவில் அவருடைய மகன் தவுக்கேயாக இருந்தார். மரச்சுவர், மரப் பெஞ்சு, மேலே வெறும் தகரம். தகரத்துக்கும் நம் தலைக்கும் நடுவில் வேறொன்றும் கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. மூன்றாம் படிவம் வரை படித்திருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது பெரிய படிப்பு, தலைக்கனமும் அதற்கேற்ற அளவில் இருந்தது. டிக்கெட் கிழிப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, படத்துக்கு முன்னால் திரையில் காட்டுகிற கண்ணாடி வில்லையில் மையால் அறிவிப்பு எழுதுவது, இவைதான் என் வேலை. 'மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றப்படும்', 'ஆறாம் நம்பர் லயத்தில் கல்யாணம், அனைவரும் வருக', 'ரிங்லெட் பாதையில் மண் சரிவு, லோரி வராது' என்று எழுதுவேன். யாராவது தவறிப்போனால் பெயரும் வயதும் வரும், சனமெல்லாம் ஒரு நிமிடம் எழுந்து நிற்கும். பேப்பரில் எங்களைப் பற்றி எவன் எழுதினான்? எங்கள் சேதி ஏறின ஒரே இடம் அந்த வெள்ளைத்துணிதான். என் கையெழுத்து ஆளுயரத்துக்கு அதில் தெரியும்போது எனக்குக் கால் தரையில் பாவாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி ஆட்டம் எங்கள் ஆட்டம். எஸ்டேட் லோரியில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி. தூணுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் சேலையால் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிடுவார்கள். இருட்டில் நான் எத்தனை தொட்டிலில் முட்டியிருக்கிறேன் தெரியுமா! ஈரக் கம்பளி, தைலம், கச்சான் கடலைத் தோல், வெற்றிலை எல்லாம் கலந்து ஒரு வாசம் வரும். இடைவேளையில் கச்சான் வண்டிக்குப் பக்கத்தில் பெண் பார்ப்பது நடக்கும். பெண் கச்சான் உரிக்கிற விதத்தை வைத்தே வருங்கால மாமியார்கள் முடிவெடுத்துவிடுவார்கள். நான் தோலோடு மெல்லுகிற ஜாதி. என்னை யாரும் கட்டாததற்கு அதுதான் காரணம் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவாள். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு லயமே போனபோது, அந்தக் குடும்பங்கள் ஒன்பது நாள் கொட்டாயில்தான் இருந்தன. தவுக்கே ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கஞ்சி காய்ச்சிப் போட்டார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மழைக்கு வருகிறேன். மலையில் மழைக்கு ஒரு நேரம் உண்டு. இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் மூன்று மணிக்கு மழை தொடங்கும். வெறும் தகரத்தில் அது விழுந்தால், பக்கத்தில் இருப்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. திரையில் கதாநாயகன் வாயை அசைப்பான், அவன் அம்மா வாயை அசைப்பாள், இரண்டு பேரும் அழுவார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

"என்னாடி சொல்றா அவ?" என்று நாலா பக்கமும் கூச்சல் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அஞ்சலை அக்கா எழுந்தாள்.

அஞ்சலை அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். என் அக்கா சரோஜா வேலை செய்த மருந்தடிக்கிற கூட்டத்தில் இவளும் ஒருத்தி. புல்லைச் சாகடிக்கிற மருந்து. பம்பை முதுகில் சுமந்துகொண்டு தேயிலை வரிசைக்கு நடுவே அடித்துக்கொண்டே போகவேண்டும். இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் குரல் கொடுத்துப் பழகின தொண்டை அவளுக்கு, வெண்கலம். அந்தப் படத்தை அவள் முதல் நாள் சனிக்கிழமையே பார்த்திருந்தாள். பெஞ்சு மேலே ஏறி நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு, "நீ என் வயித்துல பொறக்கலடா! மலாய்க்காரங்க கம்போங் பக்கத்துல, ஆத்தோரமா கெடந்த!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள். மழை அடங்கிப்போன மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. தவுக்கேயே அவளைக் கூப்பிட்டு, "நீ சனிக்கெழமெ சும்மா வந்து பாரு லா. டிக்கெட் வேணாம். ஞாயிறு மழெ வந்தா நீ சொல்லு" என்றார். ஆம்பிளைக் குரலுக்கு வாயைக் கையால் குவித்துக்கொள்வாள், வில்லனுக்கு மூக்கால் பேசுவாள். நான் வாரத்துக்கு ஐந்தாறு தடவை அதே படத்தைப் பார்ப்பவள். எனக்குத் தெரியும், அவள் சொல்வதில் கால்வாசிதான் படத்தில் இருக்கும். மதராசில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு திரிகிற கதாநாயகி அஞ்சலை வாயால் பேசும்போது, "ஐயோ, லோரி போயிருச்சே, நான் நடந்துல்ல போவணும்!" என்பாள். படத்தின் பெயர்களை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டு, இப்படி வசனமே இல்லையே என்று என்னைப் பிடித்துக்கொள்வீர்கள்.

மழைக்காகச் சனம் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தது. இரண்டரைக்கு வெயில் அடித்தால் "என்னா இன்னிக்கி மழையக் காணோம்" என்று முனகுவார்கள். காசு கொடுத்துச் சினிமா பார்க்க வந்துவிட்டு, சினிமா கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்ட சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

இனிமேல்தான் எனக்கு வயிறு எரிகிற இடம்.

மருந்தடிக்கிற பெண்களுக்குக் கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது. சரோஜா அக்காவின் நகமெல்லாம் கறுத்து, பிளந்து, ஒவ்வொன்றாகக் கழன்றது. சோறு பிசையும்போது விரல் எரிந்து அழுவாள், நான் ஊட்டிவிடுவேன். மூக்கிலிருந்து ரத்தம் வரும். தொழிற்சங்கத்து ஆள் எப்போதாவது வருவார். வந்தால் எஸ்டேட் கணக்குப் பார்க்கிற கிராணி வீட்டில் தேத்தண்ணி குடிப்பார், போவார். ஒரு திங்கட்கிழமை காலை, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட எல்லாரும் நிற்கும்போது, அந்தப் பெண்கள் பத்துப் பேரும் கையை முன்னால் நீட்டிக்கொண்டு துரை முன்னால் போய் நின்றார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த புதுத் துரை, எஸ்டேட் மேனேஜர். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக் காரில் ஏறிப் போய்விட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்:

"நகந்தானே, மறுபடி மொளைக்கும். புல்லு மொளைக்கக் கூடாது, அதான் முக்கியம்னு தொர சொல்றாரு. போங்க, போய் வேலயப் பாருங்க."

நான் இதை அக்கா வாயால் கேட்டேன். சொல்லும்போது அவள் அழக்கூட இல்லை. எனக்குத்தான் அந்தக் கிராணியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. சட்டமும் சங்கமும் எங்கோ மலைக்குக் கீழே இருந்தன. வேலை போனால் லயத்து வீடும் போகும். யார் வாயைத் திறப்பது?

அடுத்த ஞாயிறு நல்ல மழை. திரையில் வில்லன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். கதாநாயகனின் தங்கச்சி அவன் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். வில்லன் அவளை உதறிவிட்டு ஏதோ சொல்கிறான். அஞ்சலை அக்கா வாயைக் குவித்து, மூக்கால், நிதானமாகச் சொன்னாள்: "நகந்தானே, மறுபடி மொளைக்கும். புல்லு மொளைக்கக் கூடாது, அதான் முக்கியம்!"

அப்புறம் பாருங்கள், பெஞ்சைத் தட்டி, விசிலடித்து, தொட்டிலில் இருந்த பிள்ளைகளெல்லாம் வீரிட்டு அழுது, மழையை மீறின இரைச்சல். என் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

மறுநாள் பெரட்டில் கிராணி பேர் கூப்பிடும்போது பின்வரிசையிலிருந்து யாரோ மூக்கால், "நகந்தானே..." என்றார்கள். மொத்தக் களமும் சிரித்தது. கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு அது?" என்று கத்தினால், "படத்துல வந்த வசனம் ஐயா" என்று பதில் வந்தது. படத்து வசனத்துக்கு யாரை வேலையை விட்டு நிறுத்துவது? அடுத்த வாரம் இன்னொரு படம், இன்னொரு வில்லன், அதே வசனம். அதற்கடுத்த வாரமும் அதேதான். வில்லன் எந்தப் படத்தில் வந்தாலும் புல்லைப் பற்றித்தான் பேசினான்.

சிரிப்புக்குப் பயப்படாத அதிகாரம் கிடையாது. ஆறாவது வாரம் கையுறை வந்தது. இரண்டு பேருக்கு ஒரு ஜோடி. இவளுக்கு இடது கை, அவளுக்கு வலது கை! அந்த ஞாயிறே ஒரு படத்துக் கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளை மணமகளுக்கு ஒற்றைக் கையுறை போட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. மருந்தடிக்கிற சரிவுக்கு, பீப்பாய் மாதிரி ஒரு தோம்பு நிறையத் தண்ணீர் லோரியில் வந்து இறங்கியது. கண்ணில், கையில் மருந்து பட்டால் அங்கேயே கழுவிக்கொள்ளலாம். ஒரு தோம்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதைப் பார்த்து அக்கா அன்றைக்குச் சாமிக்கு விளக்கேற்றினாள்.

இப்போது எங்கள் சனத்தின் கூறுகெட்ட மரியாதையைச் சொல்கிறேன். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு எஸ்டேட்டுக்கென்று சிறப்பு ஆட்டம் பிடித்தோம். கோயில் தலைவர், "தொரையக் கூப்புட்டு மால போடாம இருந்தா மரியாதையாவா இருக்கும்?" என்றார். நகத்தைப் பிடுங்கினவனுக்கு மாலை! ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. அஞ்சலை அக்காவே, "வரட்டுமே, அவருக்கு என்னா தமிழா தெரியும்? அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்றேன் பாரு" என்று சிரித்தாள். எல்லாரும் அதை நம்பினார்கள். அப்புறம் அதே கோயில் தலைவர் என்னிடம் வந்து, "தொர சும்மா ஒக்காந்திருந்தா நல்லா இருக்காதும்மா. நீதான் படிச்ச புள்ள, பக்கத்துல ஒக்காந்து என்னா சொல்றாங்கன்னு இங்கிலீசுல சொல்லு" என்றார்.

ஒரு பக்கம் துரைக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம், இன்னொரு பக்கம் பக்கத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் எந்தச் சேலை கட்டுவது என்ற யோசனையில் இருந்தேன்.

துரை வந்தார், மாலை போட்டோம், முதல் வரிசையில் வீட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மூன்று மணிக்கு மழை வந்தது, நேரம் தவறாமல். அஞ்சலை அக்கா பெஞ்சில் ஏறினாள். வில்லன் வந்தான். இவள் சொன்னாள், சனம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. துரை என் பக்கம் சாய்ந்து, என்ன சொன்னாள் என்று கேட்டார்.

எனக்கு இரண்டு வசனமும் தெரியும், அதை மறந்துவிடாதீர்கள். படத்து வசனம் குடும்ப மானத்தைப் பற்றி ஏதோ சப்பென்று இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அஞ்சலை அக்காவின் வசனம்தான் நன்றாக இருக்கிறது, அதை ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லிவிட்டால் துரை என்னைப் பாராட்டுவார் என்று என் புத்தி போனது. நகம், புல், முளைப்பது, ஒன்றுவிடாமல் அவர் காதில் கத்திச் சொன்னேன். இலக்கணப் பிழைகூட இல்லை.

அவருடைய வாக்கியம் அவருக்கே திரும்பி வந்தது. திரும்பி, பெஞ்சு மேல் நின்ற அஞ்சலை அக்காவைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சிரித்தது மட்டுமா, கைகூடத் தட்டினார். இந்தப் பெண் எல்லா ஞாயிறும் பேசுவாளா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மழை பெய்தால் மட்டும்தான் சார், தகரச் சத்தத்தில் படம் கேட்காதே" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடவில்லை, மற்றவர்களைக் கெடுத்தது.

மூன்றாவது வாரம் எஸ்டேட் லோரி ஒன்று கொட்டாய் வாசலில் வந்து நின்றது. நிறைய தேயிலைப் பெட்டிப் பலகை, கட்டுக்கட்டாகக் கோணி, இரண்டு தச்சர்கள். தகரத்துக்குக் கீழே பலகை அடித்து, நடுவில் கோணியை அடைத்தார்கள். நான்கு நாளில் வேலை முடிந்தது. பெரட்டில் கிராணி சொன்னார்: "மழையில வசனம் கேக்காம நீங்க கஷ்டப்படுறீங்கன்னு தொர மனசு வெச்சிருக்காரு. ஒங்க மேல எவ்ளோ பாசம் பாருங்க!"

சனம் கைதட்டியது. என் அக்காவும் தட்டினாள், நகம் இல்லாத கையால். துரைக்கு இரண்டாவது மாலையும் போட்டார்கள். நன்றி அறிவிப்பை நான்தான் கண்ணாடி வில்லையில் எழுதினேன், மூலையில் ஒரு ரோஜாப்பூவும் வரைந்தேன். ஒரு மாதம் அது திரையில் ஓடியது. அந்த ரோஜாப்பூவை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அஞ்சலையை அவர் வேலையை விட்டு நீக்கியிருந்தால் நாங்கள் கொதித்திருப்போம். பம்பை இறக்கி வைத்திருப்போம், சங்கத்து ஆளையும் கிராணி வீட்டிலிருந்து வெளியே இழுத்திருப்போம். அது அவருக்குத் தெரியும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கெட்டிக்காரன். கிள்ளின கைக்கே நாங்கள் மாலை போட்டோம்.

புதுக் கூரை போட்ட முதல் ஞாயிறு. மழை வந்தது, எங்கோ பக்கத்து ஊரில் பெய்கிற மாதிரி. படத்து வசனம் மணி மணியாகக் கேட்டது. சனம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது. வில்லன் வந்ததும் அஞ்சலை அக்கா வழக்கம்போல் பெஞ்சில் ஏறி, கையைக் குவித்து, "நகந்..." என்று ஆரம்பித்தாள்.

"உஷ்! ஒக்காரு அஞ்சல, அதான் கேக்குதுல்ல!" என்றது ஒரு குரல். இன்னொரு பக்கமிருந்தும் அதுவே வந்தது.

ஆட்டத்தில் யாராவது சத்தம் போட்டால் அடக்குவது என் வேலை. நான் போனேன். டார்ச்சை அவள் முகத்தில் அடித்தேன். "ஒக்காருங்கக்கா. எல்லாரும் படம் பாக்கறாங்கல்ல" என்றேன்.

வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நல்லா கேக்குதா தங்கச்சி?" என்றாள். "கேக்குதுக்கா" என்றேன். "சரி" என்று இறங்கினாள். பெஞ்சில் உட்காரவில்லை, கம்பளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு கொட்டாய்ப் பக்கம் அவள் வரவில்லை.

அப்புறம் பெரட்டில் யாரும் சிரிக்கவில்லை. எதை வைத்துச் சிரிப்பது? படத்து வில்லன்கள் படத்து வசனத்தை மட்டும் பேசினார்கள். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர்த் தோம்பு வருவது நின்றது. லோரி பழுது என்றார் கிராணி. லோரி எங்களைச் சினிமாவுக்கு ஏற்றிக்கொண்டு மட்டும் ஒழுங்காக வந்தது.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் அக்காவின் பம்புக் குழாய் பிய்த்துக்கொண்டு மருந்து வலது கண்ணில் பீய்ச்சி அடித்தது. கழுவத் தண்ணீர் இல்லை. அஞ்சலை அக்கா தன் சேலையால் துடைத்து, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சரிவிலிருந்து லயம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அரைமணி நேர வழி. தண்ணீர்க் குழாயில் கண்ணைக் காட்டும்போது பார்வை போய்விட்டிருந்தது. ஒரு தோம்புத் தண்ணீர்! அன்றைக்குச் சரிவில் அது இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் கிடையாது.

அஞ்சலை அக்கா எஸ்டேட்டை விட்டுத் திரிங்காப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கேயும் மருந்துதான் அடித்திருப்பாள், வேறென்ன. எண்பதுகளில் ஒரு தடவை பிரிஞ்சாங் பாசாரில் முட்டைக்கோசுக் கூடையோடு பார்த்தேன். மெலிந்திருந்தாள். குரல் கரகரத்துப்போய், பக்கத்தில் நின்றால்தான் கேட்டது. "கொட்டாயில இன்னும் நல்லா கேக்குதா?" என்றாள். கேலியா, நிஜமாகக் கேட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கூட்டமாக இருக்கிறது, இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

பிறகு வீட்டுக்கு வீடு வீடியோ வந்தது. கொட்டாயில் பெஞ்சுகள் காலியாகி, கடைசியில் தவுக்கே கதவைச் சாத்தினார். முட்டைக்கோசு அடைத்து வைத்தார்கள், பிறகு பிளாஸ்டிக் குழாய், பிறகு இடித்து ஓட்டல் கட்டினார்கள். தகரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும். அவள் ஏறி நின்ற பெஞ்சு யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ தெரியாது. அவள் சொன்ன வசனங்களில் ஒன்றைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் வாயை அடைத்த பலகையை மட்டும் பத்திரமாக எடுத்து, வார்னிஷ் அடித்து, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். துரையிடம் நான் மொழிபெயர்த்துச் சொன்னதை அக்காவிடம்கூட நான் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அன்றைக்குக் காப்பிக்கடையில் மழை விடவே இல்லை. அக்கா காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, எதையும் பார்க்க அவள் செய்கிற மாதிரி முழுத்தலையையும் திருப்பி, இடது கண்ணால் அந்தத் தகட்டைப் பார்த்தாள்.

"இம்மாம் பெரிய பித்தளையிலயா காப்பி வெல போடுவானுங்க? ஒழுங்கா படிச்சுச் சொல்லு" என்றாள்.

இந்தத் தடவையும் எனக்கு இரண்டு வசனமும் தெரியும். தகட்டில் இருப்பது ஒன்று, அஞ்சலை அக்கா சொல்லியிருக்கக்கூடியது ஒன்று. அன்றைக்குக் கொட்டாயில் அவள் வசனத்தைச் சொல்லக்கூடாத காதில் சொன்னேன், இதுதான் சொல்ல வேண்டிய காது. எழுந்து நின்றேன். தகரத்தில் மழை அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மூக்கால், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன்:

"நகந்தானே, மறுபடி மொளைக்கும்! புல்லு மொளைக்கக் கூடாது, அதான் முக்கியம்! அப்புடித்தான் போட்டிருக்குக்கா!"

கடையே திரும்பிப் பார்த்தது. அக்கா என்னையே பார்த்தாள். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். கோணிப்போய் முளைத்த நகங்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்ணு?" என்றாள். "கண்ணும் மொளைக்கும்னு போட்டிருக்கானா?"

"இல்லக்கா. அதப் போடல."

கடைப் பையன் ஒருத்தன் ஓடி வந்தான். எங்கள் எஸ்டேட் பிள்ளை மாதிரிதான் இருந்தான், நல்ல மரியாதையான முகம். "ஆண்ட்டி, ஒக்காருங்க ஆண்ட்டி. கொஞ்சம் மெதுவா லா, எல்லாருக்கும் கேக்குது" என்றான். அவன் கையில் டார்ச் ஒன்றுதான் இல்லை.

"கேக்கட்டும் தம்பி" என்றேன். நான் உட்காரவில்லை.